சர்க்கரை நோயோடு நீண்ட நாள் வாழ ஒரு நோட்டு போதும்: எப்படி ஆரம்பிப்பது?

சர்க்கரை நோய் என்று தெரிந்து கொஞ்ச நாள் ஆகி, மாத்திரையோ இன்சுலினோ ஆரம்பித்து, முதல் பயம் தணிந்து, "சரி, இனிமேல் என்ன செய்யணும்?" என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணையம் என்ன செய்கிறது, டைப் 1 எது, டைப் 2 எது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. எனக்கு டைப் 2, பல வருடமாக.

1922-இல் டொரொண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடுவதற்கு முன்னால், டைப் 1 வந்தவர்கள் சில மாதம், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருடம்தான் இருந்தார்கள். இப்போது பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையம் இன்சுலினோடு 50 வருடம் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறது, 75 வருடத்துக்கும் 80 வருடத்துக்கும் தனிப் பதக்கம் வைத்திருக்கிறது. ஆக, இந்த நோயோடு முழு ஆயுளும் வாழலாம், வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு வழி காட்டிய ஆய்வு டென்மார்க்கின் ஸ்டெனோ-2. டைப் 2-வோடு சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் கசிய ஆரம்பித்திருந்த 160 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சாப்பாடு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள், ஏறக்குறைய 8 வருடம். ஆரம்பித்ததிலிருந்து 21 வருடம் கழித்துப் பார்த்தபோது இந்த இரண்டாவது கூட்டம் சராசரியாக 7.9 வருடம் அதிகம் வாழ்ந்திருந்தது. ஒரே ஒரு மருந்தால் வந்த பலன் இல்லை இது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததால் வந்தது. அதனால்தான் சர்க்கரை பார்க்கும் மீட்டரோடு நிற்காமல் ஒரு நோட்டு போடச் சொல்கிறேன்.

படி 1: நோட்டு

கட்டம் போட்ட சாதாரண நோட்டு. செல்போன் செயலிகளும் பார்த்தேன், எனக்கு நோட்டுதான் பிடிக்கிறது. டாக்டர் முன்னால் விரித்து வைத்தால் அரை நிமிடத்தில் அவர் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும், போனில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவதற்குள் உங்கள் முறை முடிந்துவிடும். முன்பக்கம் தினசரி எண்கள். பின்பக்கம் தலைகீழாகத் திருப்பி வருடாந்திரப் பரிசோதனைகள்: ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை), ரத்த அழுத்தம், கொழுப்பு, கண், சிறுநீரகம், கால். ஒவ்வொன்றுக்கும் தேதி, முடிவு, அடுத்தது எப்போது. இந்த "அடுத்தது எப்போது" கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், நோட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

படி 2: மீட்டர்

எந்த மீட்டர் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எதற்கு ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டு வைக்கும் பட்டை) எப்போதும் தடையில்லாமல் கிடைக்கிறதோ, அது. மீட்டர் ஒருமுறை வாங்குவது, ஸ்ட்ரிப் வாழ்நாள் முழுக்க வாங்குவது.

குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் சாறு மட்டுமே எண்ணை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துத் தவறாகக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும்.

அப்புறம், அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்து 142, 155 என்று வந்தால் கலங்க வேண்டாம். மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே, எண் 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்க இடம் கொடுக்கிறது. (இந்தப் பதிவில் மீட்டர் காட்டும் சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் அதை 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

படி 3: ஜோடியாகப் பாருங்கள்

நான் நீண்ட நாள் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும்போது எல்லாம் 110, 118 என்று அழகாக இருக்கும். மூன்று மாதம் கழித்து ஏ1சி எடுத்தால் 8. லேப் தவறா, மீட்டர் தவறா என்று மண்டை காயும். இரண்டுமே சரிதான். ஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையின் அளவு. அந்த அணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன, அதனால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் இரவு பகல் அத்தனையும் அதில் பதிவாகிறது. ஏ1சி 7 என்றால் சராசரி 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. காலை எண் 115-ஆக இருந்து சராசரி 183 வருகிறது என்றால், பகலில் நாம் பார்க்காத ஏதோ ஒரு நேரத்தில் 240, 260 என்று ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சாப்பாட்டுக்குப் பிறகு.

இதைப் பிடிக்கத்தான் ஜோடி. ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. சாப்பிடுவதற்கு முன் ஒரு எண், முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து ஒரு எண். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து என்று பலர் கணக்கு வைக்கிறார்கள், அப்படி வைத்தால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் அளப்பதாகிவிடும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தை மூன்றாவது கட்டத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் அதே வேளை. அடுத்த வாரம் அந்த வேளையில் ஒரே ஒரு மாற்றம்: மாவுச்சத்து அளவில் கால் பங்கு குறைப்பதாக இருக்கலாம், காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் தொடுவதாக இருக்கலாம், சாப்பிட்டவுடன் 15 நிமிடம் நடப்பதாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பாட்டுக்குப் பிறகு 180-க்குள். உங்கள் வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து டாக்டர் இதை மாற்றிச் சொல்லலாம். அவர் சொல்வதையே நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இன்னொரு ஜோடியும் இருக்கிறது, அது இதற்கு நேர் எதிர்ப்பிரச்சினைக்கு. பகலெல்லாம் நன்றாக இருக்கிறது, காலை வெறும் வயிற்று எண் மட்டும் 160 என்றால், படுக்கும் முன் ஒன்று, எழுந்ததும் ஒன்று பாருங்கள். படுக்கும்போது 125, எழும்போது 160 என்றால் நடுவில் நீங்கள் எதையும் சாப்பிடவில்லை, கல்லீரல்தான் சர்க்கரையை இறக்கியிருக்கிறது. விடியற்காலையில் உடலை எழுப்பக் கிளம்பும் ஹார்மோன்கள் செய்யும் வேலை அது. இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துப் பட்டினி கிடப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே பட்டினியால் ஒன்றும் ஆகாது, மருந்தின் வகையையோ நேரத்தையோ டாக்டர்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லா ஜோடியும் நன்றாக இருந்தும் ஏ1சி மட்டும் ஒத்துவராமல் நின்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு ஏ1சியைப் பொய்யாக ஏற்றிக்காட்டும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்குப் பொய்யாக இறங்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஃப்ரக்டோசமைன் என்று வேறொரு சோதனை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

படி 4: ரத்த அழுத்தமும் கொழுப்பும்

சர்க்கரை நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதயமும் மூளை ரத்தக்குழாயும். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 20 வருடம் நடந்த யு.கே.பி.டி.எஸ் ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு சர்க்கரை நோய் சார்ந்த மரணம் 32 சதவீதமும் பக்கவாதம் 44 சதவீதமும் குறைந்தன. ஆனாலும் வீட்டில் சுகர் மீட்டர் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் பி.பி. கருவி வைத்திருக்கிறார்கள்?

மேல் கையில் பட்டை கட்டும் கருவியே வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது எனக்கு நம்பிக்கை தரவில்லை. 5 நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய உயரத்தில் வைத்துப் பாருங்கள். 130-க்கு 80 என்பதற்குக் கீழே என்பது பலருக்கும் சொல்லப்படும் இலக்கு. கொழுப்புக்கு வருடம் ஒரு முறை ரத்தச் சோதனை. 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிக்குக் கொழுப்பு எண் சுமாராக இருந்தாலும்கூட டாக்டர்கள் ஸ்டேட்டின் என்கிற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதுவது மாரடைப்பைத் தள்ளிப்போட. "எனக்குத்தான் கொழுப்பே இல்லையே" என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புகை பிடிப்பவராக இருந்தால் மற்ற எல்லாப் படிக்கும் முன்னால் அதை விடுங்கள்.

படி 5: கண், சிறுநீரகம், கால்

மூன்றும் சத்தமில்லாமல் கெடுபவை, அதனால்தான் தேதி வேண்டும்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கும் சோதனை. கண்ணாடிக் கடையில் எழுத்து படிக்கிற சோதனை இதற்கு ஈடாகாது. டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனே, டைப் 1 என்றால் 5 வருடத்துக்குள். பார்வை மங்கிய பிறகு போவதற்குள் பாதிக் கெடுதல் நடந்திருக்கும்.

சிறுநீரகத்துக்கு இரண்டு சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் எடுத்து அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) ஒன்று, சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் இன்னொன்று. பலருக்கும் முதலாவது மட்டும் எடுத்துவிட்டு "கிட்னி நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கசிவு பல சமயம் முதலில் தெரிவது சிறுநீரில்தான். விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஒருமுறை கூடியிருந்தாலே முடிவுகட்ட வேண்டாம், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி எல்லாம் அதை ஏற்றும், திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

கால் உங்கள் வேலை, தினமும். படுக்கப் போகும் முன் பாதத்தின் அடிப்பக்கம், விரல் இடுக்கு, குதிகால். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஆணி குத்தினாலும் வலிக்காது. வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். செருப்பு மாட்டும் முன் உள்ளே கை விட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்குக் கால் மரத்துப்போனால் அது சர்க்கரையால்தான் என்று நினைத்துவிடாமல் வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கக்கூடியது.

படி 6: லோ சுகர்

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

சர்க்கரை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில் ஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளை அள்ளிக் கொடுத்த கூட்டத்தில் மரணம் அதிகமாக இருந்ததால், 2008-இல் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். வயதான அப்பா அம்மாவின் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிட்டு அவர்களை மிரட்டாதீர்கள். பல நோய் உள்ள முதியவருக்கு ஏ1சி 8-க்குள் இருந்தாலே போதும் என்று டாக்டரே சொல்லலாம்.

பின்சேர்க்கை

நாள் முழுக்கச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கையில் ஒட்டும் சென்சார் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சென்சார் நல்ல கருவி, வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 70-க்கும் 180-க்கும் நடுவில் ஒரு நாளின் 70 சதவீத நேரமாவது இருக்கிறதா என்று அதில் பாருங்கள், நோட்டின் முன்பக்கத்து வேலை குறைந்துவிடும். பின்பக்கத்து வேலையை எந்த சென்சாரும் செய்யாது. இன்னொன்று, அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது, அதனால் சில நிமிடம் பின்தங்கும். சென்சார் மேல் சாய்ந்து படுத்தால் நடுராத்திரி 58 என்று அலறும். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்றால் விரலில் குத்தி உறுதி செய்யுங்கள்.

காய்ச்சல், வாந்தி வந்தால் மருந்தை என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார், அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சாப்பிடவில்லை என்பதற்காக அடிப்படை இன்சுலினை (நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) நிறுத்தக்கூடாது, நோய்வாய்ப்பட்ட உடலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆனால் "ஃப்ளோசின்" என்று முடியும் பெயருள்ள சர்க்கரை மாத்திரைகளை அப்படிப்பட்ட நாளில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள், அறுவை சிகிச்சைக்கும் மூன்று நாலு நாள் முன்பே நிறுத்துவார்கள், காரணம் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து. உங்களுடைய மருந்துப் பட்டியலில் எதை நிறுத்தணும், எதைத் தொடரணும் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ச்சல் நாளில் வீட்டில் இருப்பவர் தேடாமல் எடுத்துப் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில்.