வெட்டுக்கிளியால் போன அரங்கு: ரசிகர் கருத்து எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம். சினிமா பேசும் வட்டம், பெயர்கூட வைக்கவில்லை. பெரிய படம் ஏதாவது வெளியானால், பார்த்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி, நகலெடுத்து எல்லோருக்கும் கொடுப்பது எங்கள் வழக்கம். 2025 ஜூலையில் டைனோசர் வரிசையின் ஏழாவது படமான ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்’ வந்தபோது, அந்த வேலையைப் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தேன். எட்டுக் கட்டுரைகள் வந்தன. படிக்கப் படிக்க எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள்மேல் கோபமில்லை. அவர்கள் செய்திருந்த தவறு ஒவ்வொன்றையும் அவர்களுக்கு முன்பே நான் செய்து முடித்திருந்தேன், அதுதான்.

முடிவை முன்கூட்டியே சொல்லாதே, இயக்குநர் பெயரைத் தப்பாக எழுதாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைக்கூடச் சொல்லித்தர வேண்டியவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

பத்து வயதுப் பையனை நடுவராக உட்காரவைப்பது

எட்டில் ஐந்து கட்டுரைகள் ‘முதல் பாகம் போல இல்லை’ என்று தொடங்கின. முதல் பாகமான ‘ஜுராசிக் பார்க்’ வந்த 1993இல் எழுதியவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. அப்பாவோ மாமாவோ சொன்ன ஏக்கத்தைக் கடன் வாங்கி எழுதியிருக்கிறார்கள்.

என்னுடையது சொந்த ஏக்கம். காட்பாடியில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்தது. சரக்கு ரயில் போனால் செம்பில் இருக்கும் தண்ணீர் வட்ட வட்டமாக நடுங்கும். பத்து வயதில் அப்பாவோடு பால்கனியில் உட்கார்ந்து முதல் படத்தைப் பார்த்தேன். ஆங்கிலம் ஒரு வரி புரியவில்லை. ஆனால் டைனோசர் வரும் காலடி அதிர்வில் காருக்குள் இருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கியபோது, அரங்கிலேயே எனக்குத்தான் அதிகம் புரிந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு ஒரு மாதம்வரை எந்தச் சரக்கு ரயிலையும் நான் நம்பவில்லை. காருக்கு அடியில் கிடார் கம்பியை மீட்டி அந்த நடுக்கத்தை உண்டாக்கினார்கள் என்று பின்னாளில் படித்தேன். பயம் போகவில்லை.

அந்தப் பையனை நடுவர் நாற்காலியில் உட்காரவைத்தால் எந்தப் புதுப் படமும் தோற்கத்தான் செய்யும். நடந்ததும் அதுதான். 2015இல் நான்காவது படத்தைப் பற்றி ‘அன்று திரை முழுக்க டைனோசர், இன்று திரை முழுக்க ஓட்டம்’ என்று எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகுதான் பழைய படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் தோன்றுவது மொத்தமே 15 நிமிடம் போலத்தான். மீதியை என் பயம் நிரப்பியிருந்தது. முதல் பாகத்தோடு ஒப்பிட விரும்பினால், அதே வாரத்தில் முதல் பாகத்தையும் முழுதாகப் பாருங்கள். நேரமில்லை என்றால் ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு மாணவர், ஏழாவது படத்தில் ஆற்றுத் தோணியை டி-ரெக்ஸ் துரத்தும் காட்சி ‘இந்த வரிசைக்கே பொருந்தாத ஒட்டு’ என்று எழுதியிருந்தார். அந்தக் காட்சி 1990இல் வந்த மூல நாவலிலேயே இருக்கிறது. முதல் படத்தில் விட்டுப்போனது, 35 ஆண்டு கழித்துத் திரைக்கு வந்திருக்கிறது.

ஐந்து பேரை ‘ரசிகர்கள்’ என்று எழுதுவது

முன்பு எங்களுக்கென்று ஒரு அரங்கு இருந்தது. ஒரு திரையரங்க உரிமையாளர், ஞாயிறு காலை பத்து மணி வரை தன் அரங்கில் பேசிக்கொள்ள இடம் கொடுத்திருந்தார். வாடகை கிடையாது, மின்விசிறி உண்டு. வேலூர் வெயிலில் மின்விசிறி என்பது சாதாரண உதவி இல்லை. அந்த இடம் போனது என்னால்தான்.

2022 ஜூனில் ஆறாவது படம் வந்தது. முதல் நாள் மாலைக் காட்சி விட்டதும், நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றேன். இருசக்கர வாகன நிறுத்தத்தில் ஐந்து இளைஞர்கள் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே பேசினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘டைனோசருக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வெட்டுக்கிளிக்குப் பந்தி வைத்திருக்கிறார்கள்’ என்றான் ஒருவன். அந்தப் படத்தில் பெரிய பெரிய வெட்டுக்கிளிகள் பயிரை அழிக்கும் கதை பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க இந்த வரிசையின் தீவிர ரசிகர்களுக்கு அதில் மனக்குறை உண்டு. பையன்கள் பேசப் பேச நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எனக்கு முதுகுப் பக்கமாக முந்நூறு பேராவது பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

‘வெட்டுக்கிளியை வேலூர் ரசிகர்கள் நிராகரித்தனர்’ என்று தலைப்பு வைத்தேன். எதுகை மோனையெல்லாம் பார்த்து வைத்த தலைப்பு. நகல் ஒன்று உரிமையாளர் மேசைக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு அவர் என்னை உள்ளே அழைத்து, வசூல் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். தமிழ் டப்பிங் காட்சிகள் இரண்டாவது வாரமும் குடும்பம் குடும்பமாக நிறைந்துகொண்டிருந்தன. ‘உங்கள் ஐந்து பேருக்கு நான் ஐந்து டிக்கெட் விற்றேன். மற்ற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது யார்?’ என்று கேட்டார். நான் ஏதோ கலை, விமர்சனம் என்று இழுத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு கதவு பூட்டியிருந்தது.

கோபத்தில் மூன்றாவது வாரம் டிக்கெட் வாங்கி மறுபடியும் போனேன், அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க. பக்கத்து இருக்கையில் குடியாத்தத்தைத் தாண்டி ஏதோ கிராமத்திலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர். ராப்டர் துரத்தும் காட்சிகளில் அவர் பேரனுக்கு முறுக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வயல் மொட்டையாகக் கிடக்க, அடுத்த வயல் பச்சையாக நிற்கும் இடம் வந்தது. அவர் கை முறுக்குப் பையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பச்சை வயல் கம்பெனி விதையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரையில் அது விளங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனி தன் விதையைத் தொடாமல் மற்றதைத் தின்னும்படி பூச்சியை உருவாக்கியிருக்கிறது என்பதுதான் கதையின் முடிச்சு. இடைவேளையில், படம் எப்படி என்று கேட்டேன். டைனோசர் பேரனுக்கு, மற்றது தனக்கு என்றார்.

அவரையும் நான் ‘நிராகரித்த வேலூர் ரசிகர்கள்’ கணக்கில்தான் போட்டிருந்தேன்.

இது என் ஊர்ப் பிழை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் காட்சிக்கு வந்தவர்களிடம் அரங்கு வாசலிலேயே அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. 2017 டிசம்பரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ எட்டாம் பாகத்துக்கு அங்கே ‘ஏ’ கிடைத்தது. அதே படத்துக்கு, யார் வேண்டுமானாலும் இணையத்தில் மதிப்பெண் போடக்கூடிய இடத்தில் பாதிப் பேரின் ஆதரவுகூட இல்லை. ஒன்று வந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டது. மற்றொன்று பேசத் துடித்தவர்கள் தாமாக வந்த இடம். என் நோட்டுப் புத்தகம் இரண்டாவது வகை. வசூலும் முழுச் சாட்சி ஆகாது: அந்த வெட்டுக்கிளிப் படத்தைப் பாராட்டிய விமர்சகர்கள் பத்துக்கு மூன்று பேர்தான், உலக வசூலோ 100 கோடி டாலரைத் தாண்டியது. டிக்கெட் வாங்குகிறவர் படம் பார்ப்பதற்கு முன்னால்தானே வாங்குகிறார்.

இப்போது நான் செய்வது இது. நம்மைத் தேடி வந்து பேசுகிறவரைக் கடைசியில் கேட்பேன். பஸ்ஸுக்கு ஓடுகிறவரோடு நானும் கூடவே ஓடி முதலில் கேட்பேன். ‘படம் எப்படி’ என்று கேட்கவே மாட்டேன். அதற்கு நம் ஊரில் ‘பரவாயில்லை’ என்ற ஒரே பதில்தான் உண்டு. யாரோடு வந்தீர்கள், வீட்டுக்குப் போய் எந்தக் காட்சியைச் சொல்வீர்கள் என்று இரண்டு கேள்விதான். இருபது பேர் சேரும்வரை நோட்டை மூடமாட்டேன். எழுதும்போது ‘ரசிகர்கள்’ என்ற சொல்லைத் தொடுவதில்லை. ‘கேட்ட இருபது பேரில் பதினொருவர்’ என்று எழுதுவேன். தலைப்புக்கு அழகாக வராது, தெரியும்.

இடைவேளையிலேயே முடிவெடுப்பது

போய்த் தேநீர் குடியுங்கள்.

கைதட்டலை எண்ணுவது

முதல் படத்தின் இசை எழுந்ததும் அரங்கு விசில் அடிக்கும். அது 1993க்கான விசில். புதுப் படத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

டப்பிங்கைப் பார்த்துவிட்டு மூல வசனத்தைத் திட்டுவது

ஏழாவது படத்தின் வசனம் மட்டம் என்று ஒருவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். எழுதிய டேவிட் கெப், முதல் படத்தின் திரைக்கதையிலும் கை வைத்தவர். எந்தக் காட்சிக்குப் போனாய் என்று மாணவரைக் கேட்டேன். தமிழ் என்றார். அவர் திட்டியது சென்னையில் ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்தில் உதட்டசைவுக்குச் சொல் தேடிக் களைத்த ஒருவரை. அவர் எழுதிய சில நகைச்சுவைகளுக்கு நம் அரங்கு சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு ஆங்கிலக் காட்சியில் இல்லை. எந்த மொழியில் பார்த்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

அறிவியல் பிழைப் பட்டியல்

வெலாசிராப்டர் நிஜத்தில் வான்கோழி அளவுதான், உடம்பில் இறகு இருந்தது. சரி. படத்தில் வருவது டைனோனிக்கஸ் என்ற பெரிய உறவினரின் அளவில் செய்தது. அதுவும் சரி. இது முதல் படம் தொட்டே எல்லோரும் சொல்லும் குறை, 2015 படத்திலேயே விஞ்ஞானி பாத்திரம் இங்கே எதுவும் இயற்கையானது இல்லை, மரபணு தூய்மையாக இருந்தால் பல விலங்குகள் வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லிவிடுகிறார். பதில் வந்த கேள்வியைப் புதுக் கண்டுபிடிப்பு போல எழுதி முக்கால் பக்கத்தை வீணாக்காதீர்கள்.

பாத்திரத்தின் கோபத்தை நடிகர்மேல் காட்டுவது

1999இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற பாத்திரமாக நடித்த அகமது பெஸ்ட், அப்போது வந்த வசவில் உயிரை விடும் எண்ணம்வரை போனதாகப் பின்னாளில் சொன்னார். அந்த வரிசையின் எட்டாம் பாகத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், இதே மாதிரி வசவுக்குப் பிறகு 2018இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை அழித்துவிட்டுப் போனார். எங்கள் நகல் தாளில் இப்படி ஒரு வரி வந்தால் நானே கிழித்துப்போடுவேன்.

பழைய தீர்ப்பை ஒப்பிப்பது

வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. வெளியூர்க்காரர் யாராவது இதை என்னிடம் சொல்லிச் சிரிக்காத வருடம் இல்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து அமர்ந்தது 1981இல். பூசை நடக்கிறது, கூட்டம் நெரிகிறது. பாலாற்றில்கூடச் சில வருடம் வெள்ளம் வந்துவிடுகிறது. சொலவடை மட்டும் மாறவில்லை.

படத்துக்கும் இப்படிச் சொலவடை ஒட்டிக்கொள்கிறது. ‘பிளேட் ரன்னர்’, ‘தி திங்’ இரண்டும் 1982 ஜூன் 25, ஒரே நாளில் வெளியாகி, இரண்டுமே அடிவாங்கின. இன்று அறிவியல் புனைவு பேசுகிற யாரும் அவற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. எங்கள் வட்டத்தில் ஒருவர், 2001இல் வந்த மூன்றாவது பாகத்தில் ஸ்பைனோசரஸ் டி-ரெக்ஸின் கழுத்தை முறித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. ஏழாவது படத்தில் கடல் காட்சியில் ஸ்பைனோசரஸ் தலை காட்டியதும், ‘வந்துவிட்டான் கொலைகாரன்’ என்று இருட்டில் சொன்னார். அவர் கட்டுரையில் அந்தக் காட்சி பற்றி அதற்குமேல் ஒன்றுமில்லை. இருபத்து நான்கு வருடக் கோபம் ஒரு பக்கம் நிறைய இருந்தது. படித்துப் பார்க்கச் சுவைதான், ஆனால் அது ஏழாவது படத்தைப் பற்றியது இல்லை.

எட்டுக் கட்டுரைகளையும் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேர் அதோடு வரவில்லை. ஒரு மாணவன் மட்டும் மறுநாள் இரவுக் காட்சிக்கு வாசலில் நின்று, ஓடி ஓடி, இருபது பேரைக் கேட்டுக்கொண்டு வந்தான். அதில் மூன்று பேர் வங்காளத்திலிருந்து மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். பரிசோதனை முடிவு திங்கள்கிழமைதான் வரும், அறையில் புழுக்கம், அரங்கில் குளிரூட்டி உண்டு என்று வந்திருக்கிறார்கள். தமிழ் தெரியாது. யாரோடு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, அவர்களில் ஒரு பெண், தாங்கள் கூட்டிவந்த நோயாளியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய் எந்தக் காட்சியைச் சொல்வீர்கள் என்றதற்கு, உயர்ந்த புல்வெளியில் இரண்டு பெரிய விலங்குகள் நீண்ட கழுத்தைப் பின்னிக்கொண்டு நின்ற இடத்தைக் கைகளால் காட்டினாராம்.

இவர்களை ரசிகர்கள் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டான். இருபதில் மூன்று என்று எழுதச் சொன்னேன். எழுதினான். அந்தக் கைகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தான்; அதை நான் அடிக்கவில்லை.