பக்கெட் பின் கழன்று வராமல் பூட்டுவது எப்படி?

ஆண்டுக் கடைசி மழைக்கு முன்னால் தோட்டத்துக் கான்களை (வடிகால்களை) தூர் வார எக்ஸ்கவேட்டர்கள் இறங்கும். இறங்கிய ஒரு வாரத்தில் என் பட்டறைக்கு யாராவது ஒரு தம்பி வந்து நிற்பான். "அண்ணே, பக்கெட் பின் வெளிய வருது. ரெண்டு பொட்டு வெல்டு வச்சிரலாமா?"

வைக்கக் கூடாது. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால்தான் இதை எழுதுகிறேன். பின் என்று நான் சொல்வது எக்ஸ்கவேட்டரின் கையையும் பக்கெட்டையும் கோக்கும் தடித்த எஃகுத் தண்டை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், இதைப் படித்துச் செய்யலாம்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரிலுள்ள பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறிவிட்டது, ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் செம்பனை. நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல், ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மறுபக்கம் வெள்ளீயம் எடுத்துவிட்டு விட்டுப்போன குட்டைகள். அந்தக் குட்டைகளில் மிதந்தபடி வாளிகளால் மண்ணைத் தோண்டி வெள்ளீயம் எடுத்த ஈயக்கப்பலில் என் தாத்தா கிரீஸ் போடும் ஆளாக இருந்தார். பின் பற்றி நான் முதலில் கேட்ட பாடம் அவருடையது.

ஈயக்கப்பலில் வாளிகள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்கும். முன் வாளியின் பின்புறக் கண்ணையும் (துளையையும்) அடுத்த வாளியின் முன்புறக் காதுகள் (துளையுள்ள தட்டுகள்) இரண்டையும் ஒரே பின் துளைத்துப் போகும். அந்தப் பின்னின் தலை வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் தட்டையாகவோ மூக்கு வைத்தோ வார்த்திருப்பார்கள். அது காதிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டால் பின் சுழலவே முடியாது. நடுக் கண்ணுக்குள் இருக்கும் புஷ் என்ற குழல் மட்டும் பின்னின் மேல் உரசித் திரும்பும். தேய்வதெல்லாம் புஷ்ஷும் பின்னும்தான், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். விலை உயர்ந்த வாளிக்கு ஒன்றும் ஆகாது. தாத்தா சொல்வார்: "பின் காதுல தூங்கணும், புஷ்ஷுல ஆடணும்." பத்து காஜாவிலுள்ள தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக்கப்பலைப் போய்ப் பார்த்தால் அந்த வாளிகளைக் கிட்டே நின்று பார்க்கலாம். 1938-இல் கட்டியது, 1982-இல் ஓட்டம் நின்றது.

இன்றைய எக்ஸ்கவேட்டருக்கும் கணக்கு அதேதான்: காதுகள் பக்கெட்டில், புஷ் மெஷினின் கை முனையில். சுமையைத் தாங்குவது பின். அந்தப் பின் பக்கவாட்டில் நகராமலும் காதுக்குள் சுழலாமலும் பிடித்துவைப்பது பூட்டு போல்ட். பக்கெட்டின் பாரம் போல்ட்டின் மேல் வரவே கூடாது. இதை மனசில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வது எல்லாம் தானாகப் புரியும்.

மெஷினை நிறுத்துவது

சமதரை, கெட்டி மண். கானின் கரையோரம் வேண்டாம், அங்கே மண் எப்போதும் ஈரம். பக்கெட்டின் அடிப்பாகம் முழுவதும் தரையில் படுகிற மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை அண்டை கொடுங்கள். 20 டன் மெஷினின் பக்கெட் அரை டன்னுக்கு மேல் இருக்கும். பின் வெளியே வந்த நொடியில் அது எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் ஜாதகம் பார்த்துச் சொல்ல முடியாது.

எஞ்சினை அணைத்து, லீவர்களை நாலு பக்கமும் ஆட்டி எண்ணெய் அழுத்தத்தை இறக்குங்கள். சில மெஷின்களில் அதற்குச் சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள். பிறகு பாதுகாப்பு லீவரைப் பூட்டிவிட்டுச் சாவியை உருவி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் பையில் வேண்டாம், அவர் நல்லவராக இருந்தாலும். இப்படி நிறுத்த நேரம் தராமல் "சீக்கிரம், சீக்கிரம்" என்று தவுக்கே (முதலாளி) விரட்டினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

கழுவிவிட்டுப் பாருங்கள்

சேற்றோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் பாய்ச்சி, துணியால் துடைத்த பிறகு காதுக்கும் பின்னுக்கும் இடையில் பாருங்கள். சிவப்புத் துரு கசிந்து கோடு போட்டிருந்தால் பின் காதுக்குள் அசைகிறது என்று அர்த்தம். பின்னின் முனையைச் சுற்றிக் காதில் வெள்ளி மாதிரி மின்னும் வளையம் தெரிந்தால் அது சுழன்றே விட்டது. போல்ட் நடுவில் வளைந்திருக்கிறதா, போல்ட் போகும் துளை முட்டை வடிவமாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

பின் சுழல்வதற்கு முக்கியக் காரணம் கிரீஸ் இல்லாமை. புஷ் காய்ந்து பின்னைக் கவ்விக்கொண்டால், புஷ்ஷுக்குள் நடக்க வேண்டிய ஆட்டம் காதுக்குப் போய்விடுகிறது. அப்போது குறுக்கே நிற்பது அந்தச் சின்னப் போல்ட் மட்டும்தான். அது முறியும், பின் நகரும். ஆகவே போல்ட் முறிந்தால் புதுப் போல்ட் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். கிரீஸ் உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்னை எடுப்பது

பூட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். பின்னை அடிப்பதற்கு முன் அதன் முனையில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுங்கள், போல்ட் துளை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில். இதன் அருமை திரும்பப் போடும்போது தெரியும்.

பின்னின் மேல் பாரம் இருந்தால் சம்மட்டி அடித்தும் நகராது. இன்னொருவர் மெஷினில் ஏறி பூமை (மெஷினின் பெரிய கையை) ஒரு இம்மி தூக்கவோ இறக்கவோ வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பத்தடி தள்ளி நின்று கையால் சைகை காட்டுங்கள். அசைவு நின்று, எஞ்சின் அணைந்து, சாவி திரும்ப உங்கள் பைக்கு வந்த பிறகு கிட்டே போங்கள்.

பின்னின் மேல்பரப்பு கடினப்படுத்திய எஃகு. சம்மட்டியும் கடினம். இரண்டும் நேராக மோதினால் சில்லு தெறிக்கும், அது கண்ணைத்தான் தேடி வரும். நடுவில் பித்தளைக் கட்டையோ மெத்தென்ற இரும்புத் தண்டோ வைத்து அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. பின் வெளியே வரும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

அளப்பது

பின்னைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். புஷ் உட்கார்ந்த இடத்தின் ஓரத்தில் நகம் தட்டினால் தேய்மானம் இருக்கிறது. எவ்வளவு என்பதை வெர்னியர் அளவுகோல் சொல்லும். தேயாத முனையில் ஓர் அளவு, தேய்ந்த இடத்தில் இரண்டு அளவு, அதுவும் ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒரே திசையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் பின் ஒரு பக்கமாகத்தான் தேயும். எந்த அளவில் மாற்ற வேண்டும் என்பது அந்தந்த மெஷினின் கையேட்டில் இருக்கும். புஷ் தேய்ந்திருந்தால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை. காதின் துளையே பெரிதாகிவிட்டதென்றால் வெல்டு நிரப்பி லைன் போரிங் (இரண்டு காதுத் துளைகளையும் ஒரே நேர்க்கோட்டில் கடைவது) பண்ண வேண்டும், அது பட்டறை வேலை.

திரும்பப் போடுவது

ஓ-ரிங் (மணலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பழசானால் புதுசு போடுங்கள், சில வெள்ளிதான் (ரிங்கிட்). அது போனால் மணல் உள்ளே போகும், மணலும் கிரீஸும் சேர்ந்தால் சாணைக்கல்தான். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கச் சிம் வளையங்களை (இடைவெளியை அடைக்கும் மெல்லிய வளையங்கள்) கையேடு சொன்ன இடைவெளி வரும்வரை சேருங்கள்.

துளைகள் நேராக இருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பார்ப்பவர்களை நான் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை. பக்கெட் ஓர் அங்குலம் நழுவினால் விரல் கத்தரித்துப்போகும். கூர் சீவிய கம்பியை விட்டு நெம்பி நேராக்குங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்னுக்கும் புஷ்ஷுக்கும் கிரீஸ் தடவி, சாக்கட்டிக் கோட்டைக் காதின் போல்ட் துளைக்கு நேராக வைத்து உள்ளே தள்ளுங்கள். கோடு இல்லாமல் போட்டால், எண்பது மில்லிமீட்டர் பின்னைக் காதுக்குள் வைத்துக்கொண்டு துளையைத் தேடித் திருப்பும்போது மதியச் சோறு ஆறிப்போகும்.

பூட்டு

இங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பல ஜப்பான் மெஷின்களில் காதோடு ஒரு வளையம் பற்றவைத்திருக்கும். நீளமான போல்ட் அந்த வளையத்தின் ஒரு பக்கம் நுழைந்து, பின்னின் குறுக்கே போய், மறுபக்கம் வெளியே வரும். கடைசியில் இரண்டு நட்டு. ஏன் இரண்டு?

முதல் நட்டை வளையத்தோடு இறுக்கக் கூடாது. நட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டாவது நட்டை அதன் மேல் இறுக்குங்கள். நட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், போல்ட் மட்டும் விரலால் தள்ளினால் லொடலொடவென்று அசையும். அசைய வேண்டும். பின் வேலை செய்யும்போது ஒரு துளியாவது நடுங்கும். போல்ட்டை வளையத்தோடு முறுக்கி இறுக்கினால் அந்த நடுக்கமெல்லாம் ஏற்கெனவே விறைத்து நிற்கும் போல்ட்டின் மேல் போய், நாள்பட நாள்பட அது சோர்ந்து முறியும். புதிதாக வருகிறவர்கள் "அண்ணே, போல்ட் லூசா இருக்கு" என்று அக்கறையாக இறுக்கிவிடுவார்கள். அந்த அக்கறைதான் போல்ட்டுக்கு எமன்.

நட்டு இரண்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு பிசகினால் நட்டு சுழன்றுவிட்டது, தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொரு வகையில் பின்னின் தலையில் தட்டு பற்றவைத்து, அந்தத் தட்டைக் காதின் மேல் போல்ட் வைத்துப் பிடித்திருப்பார்கள். அதை மட்டும் கையேடு சொன்ன அளவுக்கு நன்றாக இறுக்க வேண்டும். தட்டுக்கு அடியில் பெயின்டும் சேறும் இல்லாமல் சுரண்டிவிட்டு, மரையில் நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு வகையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போல்ட்டின் தலையில் எண் இருக்கும். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 விழுக்காடு வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்று பொருள். எண்ணே இல்லாத போல்ட்டைப் போடாதீர்கள். அதற்காக 12.9 தேடிப் போவதும் வேண்டாம். ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆகவேண்டும் என்றால் போல்ட் உடையட்டும், வளையம் கிழியக் கூடாது. கையேட்டில் உள்ளதையே போடுங்கள்.

நான் தப்பே செய்யாதவன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், வெள்ளிக்கிழமை மாலை, கடை அடைத்துவிட்டார்கள், போல்ட் கிடைக்கவில்லை. கட்டுமானக் கம்பித் துண்டு ஒன்றை வெட்டிச் சொருகி, இரண்டு முனையையும் மடக்கி விட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. கம்பி தேய்ந்து விழுந்து, பின் ஒரு பக்கக் காதைவிட்டு வெளியே வந்து, மிச்சமிருந்த காது பக்கெட்டின் பாரம் முழுவதையும் வாங்கிக் கோணிவிட்டது. பக்கெட் கானுக்குள் தலைகுப்புறக் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தக் காதை நிமிர்த்தித் துளை கடைந்து கொடுக்க எனக்கு ஒரு மாதச் சம்பளம் போனது.

வெல்டு வைக்கும் கேள்விக்கு வருகிறேன். வெல்டின் சூட்டில் பின்னின் கடினம் கெட்டு, ஓரத்தில் விரிசல் விழும். அதைவிடப் பெரிய வம்பு, அடுத்த முறை பின்னை எடுக்க காதையே கேஸ் வைத்து அறுக்க வேண்டும். அறுத்துக் கொடுத்த கை இது.

கிரீஸும் முதல் நாளும்

மாலிப்டினம் கலந்த இரண்டாம் எண் லித்தியம் கிரீஸ் இந்த வேலைக்கு நல்லது. இரண்டு ஓரத்திலும் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதிது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பக்கெட்டின் நிலையை மாற்றி வைத்து மறுபடி அடியுங்கள், பாரம் இருக்கும் பக்கத்தில் கிரீஸுக்கு வழி இருக்காது. தண்ணீரில் இறங்கும் மெஷினுக்கு இது தினசரி வேலை, அதுவும் மாலையில், பின் இன்னும் சூடாக இருக்கும்போது. காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரவெல்லாம் தண்ணீர் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

புதுப் பின் போட்டால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, பெயின்ட் கோட்டைப் பாருங்கள். மதியம் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை. அதற்குப் பிறகு கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் போல்ட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும்.

இவ்வளவும் பக்கெட்டை நேராக மெஷினின் கையோடு பின் போட்டு மாட்டிய மெஷினுக்கு. உங்கள் மெஷினில் குயிக் கப்ளர் (பக்கெட்டைச் சட்டென்று மாற்ற உதவும் இணைப்பு) இருந்தால், அதற்கென்று தனியாகப் பாதுகாப்புப் பின் ஒன்று உண்டு. அதைப் போடாமல் பக்கெட்டைத் தரையிலிருந்து தூக்காதீர்கள். கப்ளரைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன், இப்போது வாசலில் ஒரு லோரி வந்து நிற்கிறது.