இருமலா? மாத்திரைப் பையையும் கொஞ்சம் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து இருமினால், காரணம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. புகைமூட்டம், சிகரெட், செம்பனைக்கு மருந்தடிக்கும் வேலை. மேசைமேல் கிடக்கும் மாத்திரைப் பையை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் அம்மாவுக்கு ப்ரெஷருக்காகப் பெரிண்டோப்ரில் கொடுத்தார்கள். சில வாரத்தில் வறட்டு இருமல். இரண்டு மாதம் போத்தல் போத்தலாக இருமல் மருந்து குடித்தார். கடைசியில் டாக்டர் மாத்திரையை மாற்றினார். அந்த மாதமே இருமல் நின்றது. அது வெறும் பக்கவிளைவு, நுரையீரலைக் கெடுக்காது. ஆனால் வேறு சில மருந்துகள் நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கும். கவனிக்காமல் விட்டால் அது தழும்பாகி, மூச்சு வாங்குவது நிரந்தரமாகிவிடலாம். இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரன்டோயின், சில புற்றுநோய் மருந்துகள் இதில் சேரும். சாப்பிடும் எல்லாருக்கும் வராது, சிலருக்குத்தான்.

“வருசக்கணக்கா சாப்பிடுற மாத்திரைதானே, அது என்ன செய்யும்?” இதுதான் நான் அதிகம் கேட்கும் பேச்சு, ஆபத்தான பேச்சும்கூட. நைட்ரோஃபுரன்டோயின் சிலருக்குச் சில நாளிலேயே காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தரும். மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு மெல்ல மெல்ல வரும். அமியோடரோன் பல மாதம், சில வருடம் கழித்தும் பாதிப்பைக் காட்டும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால் போன வருடம் நிறுத்திய மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதய மாத்திரையைத் திடீரென விட்டால் அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். பையோடு கிளினிக்குக்குப் போங்கள். பேச முடியாத அளவு மூச்சு முட்டினால், உதடு நீலமானால், காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறைதான். தினமும் என்று நினைத்து விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. தாத்தா பாட்டிக்கு எந்தக் கிழமை என்று பாக்கெட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஆஸ்பிரின், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் சொட்டு மருந்தும் அப்படித்தான். கண்ணில் விடுவது நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று யாருக்குத் தோன்றும்? அதனாலேயே டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறோம்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய முட்டிவலி மாத்திரையை மறைப்பதும் வழக்கம். இப்படிப்பட்ட சிலவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். திட்டுவார்கள் என்று பயப்படாமல் காட்டுங்கள்.

அம்மா இப்போது பெரிண்டோப்ரில் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய சீட்டை ஐசியோடு (அடையாள அட்டையோடு) வைத்திருக்கிறார். வேறு கிளினிக்கில் எனாலப்ரில், ராமிப்ரில் என்று பெயர் மாறி வந்தாலும், ‘ப்ரில்’ என்று முடிந்தால் அதே வகை மருந்துதான், அந்தச் சீட்டை நீட்டச் சொல்லியிருக்கிறேன்.