ஆம்ப் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்: வீட்டு ஆடியோ வீடியோ வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் கோவையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் புது ரிசீவர் (டிவி ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்), ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கியது. மாட்டிய முதல் நாளே சப்வூஃபரில் 'உம்ம்' என்று ஓயாத உறுமல் வந்திருக்கிறது. பொருத்த வந்தவர் ரிசீவரின் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சை வயரை வெட்டிவிட்டு, மறுபடி மூடிக் கொடுத்துவிட்டார். உறுமல் நின்றுவிட்டது. "சத்தம் போயிருச்சுல்லங்க, அப்புறம் என்ன?" என்றார் நண்பர்.

அந்தப் பச்சை வயர்தான் எர்த். அதை வெட்டிய பிறகு ரிசீவரின் இரும்புப் பெட்டிக்குப் பாதுகாப்பு கிடையாது. உள்ளே டிரான்ஸ்பார்மரில் எங்காவது இன்சுலேஷன் விட்டுப்போனால் 230 வோல்ட்டும் பெட்டியின் மேல் வந்து நிற்கும். எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) விழாது, ஃபியூஸும் போகாது. யாராவது தொட்டால்தான் தெரியும். வீட்டு ஆடியோவில் நான் பார்த்த தவறுகளில் இதுவே மிகவும் ஆபத்தானது. துயரம் என்னவென்றால், வேலை தெரிந்தவர்கள் கூட இதை ஒரு வைத்தியம் போலச் செய்கிறார்கள்.

பிளக்கில் எர்த் வயரைத் திரும்ப மாட்டினேன், உறுமல் வந்தது. செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்து டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றினேன். சட்டென்று அமைதி. காரணம் இதுதான்: ரிசீவருக்குச் சுவர் வழியாக ஒரு எர்த் இருக்கிறது. டிஷ் கேபிளின் மேலுறைக் கம்பி மொட்டை மாடியில் இரும்புத் தாங்கியைத் தொட்டு வேறொரு வழியில் மண்ணுக்குப் போகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ கேபிளின் உறை வழியாக மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமலும் 50 ஹெர்ட்ஸில் கேட்கும். சப்வூஃபர் அந்தத் தாழ்ந்த ஒலிக்கென்றே செய்யப்பட்டது, அதனால் அங்கேதான் முதலில் தெரியும்.

இதற்கு எர்த்தை வெட்டத் தேவையே இல்லை. கேபிள் டிவி என்றால் அதன் வயர் உள்ளே வரும் இடத்தில் ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு, உறை வழி மின்சாரத்தைத் தடுக்கும் சிறு கருவி) போடலாம். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டால் அங்கே செம்பே கிடையாது, மின்சாரம் தாண்ட வழியில்லை. அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் முறை) போன்றவை ஆப்டிகலில் வராது, அது ஒரு குறை. எல்லாச் சாதனங்களையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இருந்து எடுப்பதும் நல்ல பழக்கம். இன்னொன்று, உறுமல் வந்தால் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதுதான் வழி. எதையும் மாட்டாமல் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் இருக்கும்போதே உறுமினால் கோளாறு ஆம்புக்குள் இருக்கிறது. பெரும்பாலும் பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், அப்போது ஒலி 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்.

சரி, சுவரில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் முறுக்கிவிடுவது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 அழகாகக் காட்டும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் வீட்டில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு இரும்புப் பெட்டியும் கரண்ட் ஏறி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு உண்டு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. வீட்டில் ஏசி, கெய்சர் எல்லாம் ஓடும்போதும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தேகப்படுங்கள், போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழியையும் மறக்கக் கூடாது. கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறிவிடும். நம் பெரியவர்கள் வெயில் காலத்தில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது சரியான வேலைதான். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை வைத்து வருடம் ஒருமுறை அளந்துவிடுங்கள். இந்தச் சோதனைகளில் பழக்கம் இல்லாதவர்கள் போர்டைத் திறக்கவே வேண்டாம்.

ஸ்பைக் பஸ்டர் (திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பிளக் பெட்டி) வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அதற்குள் இருக்கும் சிறிய வில்லைகள் திடீரென்று பாயும் அழுத்தத்தில் ஒரு பங்கை எர்த்துக்குத்தான் தள்ளிவிடுகின்றன. எர்த் இல்லாவிட்டால் அதன் வேலை பாதியாகிவிடும். அடி வாங்க வாங்க அந்த வில்லைகளும் தேய்ந்துபோகும். பத்து வருடமாக ஒரே ஸ்பைக் பஸ்டர் என்றால் அது இப்போது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக இருக்கலாம்.

மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது நியூட்ரல். தெருக் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைவாக உள்ள பேஸில் அழுத்தம் 400 வோல்ட் பக்கம் ஏறும். டிவியும் ரிசீவரும் பெரும்பாலும் அப்படிக் குறைந்த சுமை உள்ள பேஸில்தான் இருக்கும். எம்.சி.பி. அதிக மின்னோட்டத்துக்கு விழுமே தவிர, அதிக வோல்ட்டேஜுக்கு விழாது. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று வைப்பது, ஆடம்பரக் கேபிள் வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் சாதனத்தின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். '100–240V' என்று இருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும். பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்புகளில் '230V' என்று மட்டும் இருக்கும், வோல்ட்டேஜ் ஊசலாடும் ஊரில் அவற்றுக்குத் தேவை.

அமெரிக்காவில் இருந்து மகனோ மருமகனோ கொண்டுவரும் பெட்டியில் '120V 60Hz' என்று இருந்தால் அப்படியே செருகிவிடாதீர்கள், ஒரு நொடியில் போய்விடும். ஜப்பான் சாதனம் 100 வோல்ட். அதற்கு 110 வோல்ட் கன்வெர்ட்டர் போட்டால் பத்து சதவீதம் அதிகமாகப் போகும், வருடக்கணக்கில் சூடேறி வீணாகும். சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் வைத்த பழைய டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) இன்னொரு சிக்கல். அதன் சுழற்சி மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இங்கே 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 33⅓-க்குப் பதில் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் வரும். பாட்டு மந்தமாக, சுருதி இறங்கி ஒலிக்கும். டிரான்ஸ்பார்மர் இதைச் சரிசெய்யாது, அந்த மாடலுக்கான 50 ஹெர்ட்ஸ் கப்பிதான் தேட வேண்டும். சிங்கப்பூர், துபாய் சாதனங்களுக்கு வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, ஆனால் நாம் போடும் மலிவான யுனிவர்சல் அடாப்டர் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. பிளக்கை மாற்றிவிடுவதே நல்லது.

ஸ்பீக்கர் வயர்

ஒரு மாதம் முன்பு, கண்ணாடி போல மின்னும் தடித்த ஸ்பீக்கர் வயர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார் பக்கத்து வீட்டுத் தம்பி. கையில் எடுத்ததும் எடையே இல்லை. நுனியைச் சீவி, ஒரு இழையை பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி போல வெளுப்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. நாலைந்து முறை மடித்ததும் ஒடிந்தது. அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும், திருகின் அடியில் நாளடைவில் தளரும். அட்டையில் எங்கேயோ சின்ன எழுத்தில் 'சி.சி.ஏ.' என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கனம் எவ்வளவு வேண்டும்? வயரின் தடை, ஸ்பீக்கரின் ஓம்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் 0.2 ஓம்ஸ் வரை. ஆம்பில் இருந்து 10 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தால் போக வர 20 மீட்டர் கம்பி. 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரில் அது கிட்டத்தட்ட 0.8 ஓம்ஸ், நாலு மடங்கு அதிகம். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.16, சரியாக இருக்கும். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சுத்தச் செம்பு ஃபிளெக்சிபிள் வயரே தாராளம். மீட்டருக்குப் பல்லாயிரம் கொடுத்து வாங்கும் வயரில் அதைத் தாண்டிய வித்தியாசத்தை என் காது இதுவரை கேட்டதில்லை.

பிளஸ், மைனஸ் மாறிப்போவது இன்னும் சாதாரணமாக நடக்கும் தவறு. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறினால் பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போகும். வயரில் அடையாளம் அழிந்திருந்தால் ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அரை நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். நுனி இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்பின் அவுட்புட் போய்விடலாம். வால்வ் (கண்ணாடிக் குழல்) ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிரான எச்சரிக்கை: ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும், மூடியைத் திறக்காதீர்கள்.

சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் செம்பு களிம்பேறும். ஸ்பீக்கர் வயரின் நுனி பச்சையாகிவிட்டால் சுரண்டிக்கொண்டிருக்காமல் ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். ஆர்.சி.ஏ. பிளக்குகளை (சிவப்பு, வெள்ளை நிற ஆடியோ பிளக்குகள்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பவரை அணைத்துவிட்டு, கழற்றித் திருகி மாட்டினாலே பாதிக் கரகரப்பு போகும்.

சுவருக்குள் போகும் கேபிள்

பட்டி பூசி பெயிண்ட் அடித்த பிறகு எச்.டி.எம்.ஐ. கேபிள் நினைவுக்கு வருவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கொத்தனார் காடி வெட்டும்போதே திட்டமிட வேண்டும். கேபிளை நேரடியாகச் சிமெண்டில் புதைக்காதீர்கள். குறைந்தது 40 மில்லிமீட்டர் பைப் போட்டு, கேபிளின் தலை நுழையும்படி வளைவுகளை அகலமாக வைத்து, உள்ளே ஒரு இழுகயிற்றையும் விட்டுவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. தரம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2.0-க்கு நொடிக்கு 18 ஜிகாபிட், 2.1-க்கு 48 ஜிகாபிட். நேற்று புதைத்த கேபிள் நாளைக்கு உதவாது, பைப் உதவும். புரொஜெக்டர் வரை 10, 15 மீட்டர் போக வேண்டும் என்றால் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே படம் வெட்டி வெட்டி வரலாம், ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. தேவை. அதற்குத் திசை உண்டு, ஒரு முனை ரிசீவருக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு. மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது. பைப்பில் இழுக்கும் முன் தரையில் விரித்து ஒரு படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பவர் வயரையும் சிக்னல் வயரையும் ஒரே பைப்பில் விடக் கூடாது. ஒரு அடி தள்ளிப் போகட்டும், குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்கோணத்தில் தாண்டட்டும்.

சூடு, பல்லி, துணி

ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷெல்ஃபுக்குள் அடைத்து, அதன் மேல் செட்டாப் பாக்ஸையும் வைத்துவிடுகிறோம். உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பத்து டிகிரி அதிகச் சூட்டில் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். மேலே அரை அடியாவது விடுங்கள், பின்பக்கப் பலகையை அறுத்துத் திறந்துவிடுங்கள். சூடு தேடிப் பல்லியும் எறும்பும் உள்ளே போவது நம் வீடுகளுக்கே உரிய தொல்லை. பல்லி போர்டில் குறுக்கே விழுந்து ஆம்ப் செத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்காகத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள், நுண்ணிய கம்பி வலை போடுங்கள்.

திரையில் கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளிக்க வேண்டாம். மேலே உள்ள பூச்சு திட்டுத் திட்டாகப் போகும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி, அதிகம் போனால் லேசாகத் தண்ணீரில் நனைத்தது. வால்யூம் குமிழ் கரகரத்தால் துரு நீக்கும் எண்ணெய் அடிக்காமல், அதற்கென்றே உள்ள கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். தாத்தா காலத்து 78 சுற்று இசைத்தட்டு இருந்தால் ஆல்கஹால் பக்கமே போகக் கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். துடைத்த இடத்தில் பாட்டே இருக்காது.

அணைப்பதில் ஒரு விஷயம். ஓஎல்இடி டிவி பார்த்து முடித்ததும் சுவர் ஸ்விட்சைத் தட்டுவது நம் கை வழக்கம். ஆனால் ரிமோட்டில் அணைத்த பிறகுதான் அது பேனலைச் சரிசெய்துகொள்ளும். உடனே மெயினை அணைத்தால் அந்த வேலை நடக்காது. நாள் முழுக்க செய்தி சேனலின் முத்திரை ஒரே மூலையில் எரியும் வீட்டில் அதன் நிழல் படிந்துவிடும். விளக்கு வைத்த புரொஜெக்டரும் அப்படித்தான், விசிறி நிற்கும் வரை பொறுங்கள்.

இடி மின்னல் வரும்போல இருந்தால் மட்டும் இதற்கு விதிவிலக்கு. ஐப்பசியில் மழை மேகம் திரண்டதுமே, இடி கேட்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் (இடி கேட்ட பிறகு வயர்களைத் தொடுவது ஆபத்து), ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. அதோடு செட்டாப் பாக்ஸின் டிஷ் கேபிளையும் ரவுட்டரில் இருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஷ் கேபிளை மறந்தவர்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸ், அதில் இருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவி, ரிசீவர் என்று வரிசையாகப் போயிருக்கின்றன. கோவை நண்பர் இப்போது அந்தக் கேபிளைக் கழற்றி, ஜன்னல் கம்பியில் படாமல், ஒரு காலி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு வைக்கிறார்.