பிசினஸ் ஸ்கூலின் முதல் வாரம்: யாரையும் எடை போடாமல் கடப்பது எப்படி

எம்பிஏ சேரப் போகிறவர்கள், வகுப்புகள் தொடங்கும் முன் நடக்கும் அறிமுக வாரமான ஓரியன்டேஷன் வாரத்துக்கு என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்பார்கள். எந்த உடை, ரெஸ்யூமே எந்த வடிவத்தில், லேப்டாப்பில் என்ன மென்பொருள் என்பதையெல்லாம் கல்லூரியே மின்னஞ்சலில் சொல்லிவிடும், அதை ஒழுங்காகப் படித்தால் போதும். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றைத்தான்: அந்த ஒரு வாரத்தில் எவரைப் பற்றியும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், உங்களைப் பற்றியும்தான். அந்த வாரம் வெளிக்காட்டுவது யார் வேகமாகப் பேசுகிறார், யார் கூச்சமில்லாமல் கூட்டத்தில் கலக்கிறார் என்பதை மட்டுமே. நள்ளிரவில் குழு வேலை முடியாமல் கிடக்கும்போது யார் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார், வேலை கிடைக்காமல் நீங்கள் சோர்ந்து போன நாளில் யார் போன் செய்வார் என்பது அதில் தெரியவே தெரியாது.

முதல் நாள் காலை அரங்கத்துக்குள் நுழைந்ததும் நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். டீன் வரவேற்றுப் பேசுவார், இந்த பேட்சில் எத்தனை நாட்டவர், எத்தனை துறையினர் என்று திரையில் காட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதலீட்டு வங்கியிலிருந்து வந்திருப்பார், பின்னால் ஒருவர் ராணுவ அதிகாரி, முன்வரிசையில் ஒருவர் சொந்தமாக நிறுவனம் தொடங்கி விற்றவர். அரை மணி நேரத்துக்குள் மனசு கணக்குப் போட்டுவிடும்: இவர் கெட்டிக்காரர், அவர் அலட்டல் பேர்வழி, நான் மட்டும் ஏதோ தவறுதலாகத் தேர்வாகி வந்துவிட்டேன். இந்தக் கடைசி எண்ணத்தை 1978-இலேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்திருந்த பெண்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். தகுதி இருந்தும் தன்னை ஒரு போலி என்று உள்ளூர நம்புவது. அரங்கத்தில் இருக்கும் பாதிப்பேர் அன்று காலை அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் பார்வை ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். ஒருவரை விவரிக்கும் ஆறு குணங்களை ஒரு குழுவுக்கு ‘அறிவாளி, உழைப்பாளி’ என்று தொடங்கி ‘பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்’ என்று முடியும்படி சொன்னார். இன்னொரு குழுவுக்கு அதே ஆறையும் தலைகீழ் வரிசையில் சொன்னார். முதல் குழு அந்த ஆளை நல்லவிதமாக நினைத்தது, இரண்டாவது குழு குறையுள்ளவராகப் பார்த்தது. முதலில் காதில் விழுந்த சொல்லே மற்றதற்கெல்லாம் நிறம் கொடுத்துவிட்டது. ஓரியன்டேஷனில் ஒருவர் பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டால், அப்புறம் அவர் செய்வதெல்லாம் தற்பெருமையாகத் தெரிவது இப்படித்தான்.

நீங்கள் மற்றவர் மனதில் எப்படிப் பதிந்தீர்கள் என்ற கவலைக்கும் ஆறுதலான பதில் இருக்கிறது. எரிகா பூத்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரில் ஒவ்வொருவரும், எதிரில் இருந்தவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருந்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதி அறைத் தொகுதியில் தங்கிய கல்லூரி மாணவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்தது. ஆகவே இரவு படுக்கும்போது ‘நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ’ என்று புரண்டு கொண்டிருந்தால், எதிராளி அதை உங்களைவிட நல்லவிதமாகவே நினைவில் வைத்திருப்பார் என்று நம்பித் தூங்கலாம்.

அறிமுகமும் பெயர்களும்

அந்த வாரத்தில் உங்களைப் பல முறை அறிமுகப்படுத்திக்கொள்ள நேரும். பதவிப் பெயரையும் நிறுவனப் பெயரையும் ஒப்பிக்காமல், என்ன வேலை செய்தீர்கள் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘சப்ளை செயின் அனலிட்டிக்ஸில் சீனியர் அசோசியேட்’ என்பதைவிட ‘மருந்துகள் எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்’ என்பது மனதில் நிற்கும், அடுத்த கேள்வி கேட்கவும் இடம் கொடுக்கும். உங்கள் பெயர் மற்றவர்களுக்குப் பழக்கமில்லாததாக இருந்தால் நிறுத்தி, தெளிவாக, இரண்டு முறை சொல்லுங்கள். அவர்கள் வசதிக்காகப் பெயரைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எதிராளியிடம் எந்த நிறுவனம் என்று கேட்பதற்குப் பதிலாக, அங்கே ஒரு சாதாரண வேலை நாள் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே இயல்பாகிவிடும்.

ஒரு செக்‌ஷனில் (எல்லா வகுப்புக்கும் சேர்ந்தே உட்காரும் பிரிவு) எத்தனை பேர் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் ஏறத்தாழ 90 பேர். அத்தனை பெயரும் யாருக்கும் ஒரே நாளில் மனப்பாடம் ஆகாது. தினமும் இரவு, அன்று பேசியவர்களின் பெயரையும் அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தையும் குறித்து வையுங்கள். ‘நன்றாகப் பேசுகிறார்’, ‘திமிர்’ என்றெல்லாம் எழுத வேண்டாம், அவர் வாயால் சொன்னதை மட்டும் எழுதுங்கள். பெயர் மறந்துவிட்டால் மறுபடி கேட்டுவிடுங்கள், முதல் வாரத்தில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு மாதம் கழித்துக் கேட்பதுதான் சங்கடம்.

உட்காரும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். மேடி சீகல் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் இருந்த காவலர்களைக் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைத்தபோது, அவர்களுடைய நண்பர்கள் பெரும்பாலும் அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பெயர்க்காரர்களாக இருந்தார்கள். நாமாகத் தேர்ந்தெடுத்த நட்பு என்று நினைப்பதில் பெரும்பங்கு நாற்காலி செய்த வேலை. வகுப்பு தொடங்கியதும் பல இடங்களில் இருக்கை நிரந்தரமாகிவிடும், அதற்கு முன்னால் கிடைக்கும் இந்த வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மொழி பேசுபவர்களோடு சேர்ந்துகொள்வதில் தவறே இல்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் மதியச் சாப்பாடு முழுக்க ஒரே மேஜையில் என்று ஆகிவிட்டால் பேட்சின் முக்கால்வாசிப் பேரை ஆண்டு முடியும்வரை தூரத்திலிருந்து மட்டுமே பார்ப்பீர்கள்.

விளையாட்டுகளை அலட்சியம் செய்யாதீர்கள்

ஐஸ்பிரேக்கர், அதாவது புதியவர்களின் கூச்சம் போக்க வைக்கும் விளையாட்டு, என்றதும் சிலருக்கு எரிச்சல் வரும், படிக்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று. நல்ல விளையாட்டுகளில் பாடமே இருக்கிறது. பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கி, டாம் வூஜெக் 2010-இல் தன் மேடைப் பேச்சின் மூலம் பிரபலமாக்கிய மார்ஷ்மெல்லோ போட்டி அநேகமாக உங்களுக்கும் வரும்: 20 ஸ்பகெட்டி குச்சிகள், ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம். உச்சியில் மார்ஷ்மெல்லோ நிற்கும்படி உயரமான கோபுரம் கட்ட வேண்டும். வூஜெக் சொல்வது, பிசினஸ் ஸ்கூல் முடித்தவர்கள் இதில் மோசமாகச் செய்பவர்களில் அடக்கம், மழலையர் பள்ளிக் குழந்தைகள் அவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று. பெரியவர்கள் யார் தலைமை என்பதிலும் திட்டம் போடுவதிலும் நேரத்தைக் கழித்து, கடைசி நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை வைக்க, அதன் கனம் தாங்காமல் கோபுரம் சரியும். குழந்தைகள் ஆரம்பத்திலேயே அதை வைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பீர் கேம், பீர் பெட்டிகளை ஆர்டர் செய்து கடைவரை கொண்டு சேர்க்கும் விளையாட்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டரின் குழுவினர் உருவாக்கியது, பல பத்தாண்டுகளாக ஆடப்படுகிறது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து வாரா வாரம் ஆர்டர் போட வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வரவும் சில வாரம் தாமதமாகும். ஆட்டம் போகப் போக ஒருவரிடம் சரக்கு தீர்ந்து போகும், அடுத்து மலையாகக் குவியும், எல்லோருக்கும் கோபம் ஏறும். முடிவில் கேட்டால் சில்லறை வியாபாரி மொத்த வியாபாரியைத் திட்டுவார், தொழிற்சாலைக்காரர் வாடிக்கையாளர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சொல்வார். வழக்கமான ஆட்டத்தில் வாடிக்கையாளர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: வாரத்துக்கு 4 பெட்டி கேட்டவர் ஐந்தாவது வாரத்திலிருந்து 8 கேட்டார், அதன்பின் மாறவே இல்லை. மற்ற எல்லாக் குளறுபடியும் தாமதத்தாலும், ஒருவருக்கு மற்றவர் நிலைமை தெரியாததாலும் வந்தவை. அந்த நான்கு இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், குழு வேலையில் முதல் சண்டை வரும்போது அதை எடுத்துப் படிக்கலாம்.

ஆளுமைச் சோதனைகள் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு நான்கு எழுத்தில் ஒரு வகை சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் போன்றவற்றை எழுதச் சொல்வார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது, ஆகவே பேச்சைத் தொடங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து ஆளைப் பிரிக்காதீர்கள்.

ஸ்டடி குரூப்

பெரும்பாலும் கல்லூரியே ஐந்தாறு பேரைச் சேர்த்துக் குழு போட்டுவிடும், வேண்டுமென்றே வெவ்வேறு துறைக்காரர்களாகப் பார்த்து. முதல் சந்திப்பில் எல்லோரும் ரொம்ப மரியாதையாக இருப்பார்கள், அந்த மரியாதை இருக்கும்போதே கஷ்டமான விஷயங்களைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். எத்தனை மணிக்குமேல் செய்தி அனுப்பக் கூடாது, யாருக்குக் குழந்தை இருக்கிறது, ஒருவர் வேலை செய்யாமல் பெயரை மட்டும் போட்டுக்கொண்டால் யார் முதலில் அவரிடம் பேசுவது, எந்தப் பாடத்தில் உயர்ந்த மதிப்பெண் வேண்டும், எதில் தேர்ச்சி பெற்றால் போதும். கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வராது, ஆனால் குழுக்கள் அதிகம் உடைவது அதில்தான். இன்னொன்று, கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர் தலையில் அக்கவுன்டிங் முழுவதையும் கட்டிவிடாதீர்கள். அவர் சொல்லிக்கொடுக்கட்டும், தெரியாதவர் செய்யட்டும், இல்லாவிட்டால் தேர்வு அறையில் தெரியும்.

முதல் கேஸ்

ஓரியன்டேஷனில் மாதிரி வகுப்பு ஒன்று இருக்கும். அதில் பேசப்படுவது ஒரு கேஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் ஓர் அதிகாரி முடிவெடுக்க வேண்டிய சிக்கலை விவரிக்கும் சில பக்கக் குறிப்பு. ஹார்வர்ட் 1920-களில் வேரூன்றச் செய்த கேஸ் முறை இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, ஹார்வர்டில் பல பாடங்களில் பாதி மதிப்பெண் வரை வகுப்பில் பேசுவதற்கே. பேராசிரியர் கையே தூக்காத ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் தொடங்குங்கள்’ என்பார், அதுதான் கோல்டு கால். பயப்பட வேண்டாம், படித்துவிட்டுப் போனால் சமாளிக்கலாம். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்து யார் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று பாருங்கள், அப்புறம் பின்னால் உள்ள அட்டவணைகளுக்குப் போங்கள், அதற்குப் பிறகுதான் முழுவதும். ஓரிரண்டு எண்களை நீங்களே கணக்குப் போட்டு வையுங்கள், லாப விகிதம், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, இப்படி ஏதாவது. நீங்கள் அந்த அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள், ஏன் என்பதை இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போனால் கூப்பிட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. அழகாகப் பேசியவரின் வாதத்தில் எண் இருந்ததா என்றும் கவனியுங்கள்.

இரண்டு ஆண்டுப் படிப்பாக இருந்தால், கன்சல்டிங் நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்காக முதல் டேர்மிலேயே கதவைத் தட்டத் தொடங்கிவிடும். எல்லோரும் ஓடுகிறார்களே என்று அதே திசையில் ஓட ஆரம்பிப்பது அந்த வாரத்தில் மிக எளிதாக நடக்கும். சேர்வதற்கு விண்ணப்பித்தபோது எழுதிய கட்டுரையை எடுத்து ஒரு முறை படியுங்கள், எதற்காக வந்தோம் என்பது அதில் இருக்கும். சீனியர்களிடம் பேசும்போது, வேலை கிடைத்தவர்களிடம் மட்டும் கேட்காமல், பாதியில் வழி மாற்றிக்கொண்டவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கிளப்புகள் விழாக் கூடாரம் போட்டுக் கூப்பிடும், எல்லாப் பட்டியலிலும் பெயர் கொடுக்கலாம், பணம் கட்டுவதை மட்டும் தள்ளிப் போடுங்கள். பயணத் திட்டங்களுக்கு முன்பணம் கட்டுவதும் அப்படியே, கடனில் படிப்பவர்கள் ‘இப்போது முடியாது’ என்று சொல்லத் தயங்கவே வேண்டாம். நீங்கள் சொன்னதும் இன்னும் நாலு பேர் நிம்மதியாக அதையே சொல்வார்கள்.

குடும்பத்தோடு வந்தவர்களுக்கு: அந்த வாரம் உங்களுக்குத் திருவிழா, உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ யாரையும் தெரியாத ஊரில் ஒரு பூட்டிய வீடு. துணைவர்களுக்கான நிகழ்ச்சி எது இருந்தாலும் அழைத்துப் போங்கள், ஒன்றிரண்டு மாலைக் கூட்டங்களை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அதனால் எந்த நட்பும் கைநழுவிப் போகாது.

வார இறுதியில் இன்னொரு கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் திங்கட்கிழமைக்கான கேஸ்களை சனிக்கிழமையே படித்து, குழுவோடு ஒரு மணி நேரம் பேசி, ஞாயிறு இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள். எழுதி வைத்த பெயர்க் குறிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம். டேர்ம் பாதியில் எடுத்துப் பார்த்து, முதல் வாரத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் விட்ட நாலு பேரிடம் போய்ப் பேச்சுக் கொடுங்கள்.