டார்க் ட்ராங்குவிலிட்டியின் பதின்மூன்று ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்பது?

சுவீடனின் மேற்குக் கரைத் துறைமுகமான கோதன்பர்குக்கு அருகில், பில்டால் என்னும் ஊரில், பதின்வயதுப் பையன்கள் சிலர் 1989ஆம் ஆண்டு செப்டிக் ப்ராய்லர் என்ற பெயரில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். அதுவே பின்னர் டார்க் ட்ராங்குவிலிட்டி ஆயிற்று. உறுமும் குரலோடும் வேகமான தாளத்தோடும் இனிய கிட்டார் மெட்டுகளைச் சேர்க்கும் மெலோடிக் டெத் மெட்டல் என்ற இசைவகையை உருவாக்கியவர்கள் என்று அட் தி கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் ஆகிய குழுக்களோடு சேர்த்து இவர்களையும் சொல்வார்கள். 1993 முதல் 2024 வரை பதின்மூன்று முழுநீள ஆல்பங்கள் வந்துள்ளன. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலம் இதற்கு வசதியானது. ஆல்பத்துக்கு நான்கைந்து நாள் என்று ஒதுக்கினால் அவசரமின்றி முடித்துவிடலாம்.

முதலில் ஒலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். திருவிழா ஒலிபெருக்கிகளுக்குப் பழகிய நம் காது, கைப்பேசியிலும் பேஸை, அதாவது கனத்த கீழ் ஒலியை, கூட்டி வைத்துக் கேட்கவே விரும்பும். இந்த இசையில் இரு கால்களாலும் மிதித்து அடிக்கும் இரட்டை பேஸ் டிரம் இடைவிடாமல் ஓடுவதால், பேஸைக் கூட்டினால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து குழைந்துபோகும். ராகத்தைச் சுமக்கும் கிட்டார்கள் அதன் அடியில் புதைந்துவிடும். ஆகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, சாதாரண இயர்போனில், அறைக்குள் இருந்து கேளுங்கள். மண்டபத்திலிருந்து பாம்பனுக்குப் போகும் பேருந்தின் ஜன்னலோரத்தில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கேட்பது வீண். காற்றின் இரைச்சலை மீறுவதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம், செவிக்குத்தான் கேடு. தனுஷ்கோடிப் பக்கம் போவதாக இருந்தால் பாடல்களை முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது குரல். தொண்டையின் அடியிலிருந்து எழும் அந்த உறுமலைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பது உறுதி. புதிதாகக் கேட்பவர் முதல் இரண்டு முறை குரலைப் பொருட்படுத்தாமல் கிட்டார்களை மட்டும் பின்தொடர வேண்டும். கோவிலில் இரண்டு நாகசுரங்கள் ஒரே ராகத்தை இழுக்க, தவில் கீழே பொழிந்துகொண்டிருப்பதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு என்னவென்றால், இங்கே இரண்டு கிட்டார்களும் பல இடங்களில் ஒரே சுரத்தில் நிற்பதில்லை. ஒன்று ஸ ரி க என்று ஏறினால் மற்றொன்று அதே நேரத்தில் க ம ப என்று ஏறும். இவர்கள் அதிகம் பயன்படுத்தும் மைனர் ஸ்கேல் நம் நடபைரவியின் சுரங்களையே கொண்டது. ஹார்மோனிக் மைனர் வரும் இடங்களில் கீரவாணி கேட்கும். கமகம் இராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. மூன்றாம் முறை கேட்கும்போது பாடல் வரிகளைக் கண்ணால் படித்தபடி கேளுங்கள். குழுவின் பாடகர் மிக்கேல் ஸ்டானேயின் உச்சரிப்பு இந்த வகைப் பாடகர்களிடையே தெளிவானது. வரி கையில் இருந்தால் உறுமலுக்குள்ளிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்.

வெளிவந்த வரிசையில் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2002இல் வந்த டேமேஜ் டன் என்ற ஆல்பத்தில் தொடங்குங்கள். பாடல்கள் குறுகியவை, ஒலிப்பதிவு துலக்கமானது, கீபோர்டு கிட்டாரை மறைக்காமல் அதற்குப் பின்னணி விரிக்கிறது. அது பிடிபட்டபின் 1995இன் தி கேலரிக்குத் திரும்புங்கள். ஃப்ரெட்மேன் ஸ்டுடியோவில் பதிவான அந்த ஆல்பத்தில் ஒரே பாடலுக்குள் பல பாடல்களுக்குரிய கிட்டார் வரிகள் நெருக்கியடித்து நிற்கும். முதலில் இதைக் கேட்டிருந்தால் திணறியிருப்பீர்கள். அதே ஆண்டில் அட் தி கேட்ஸ் வெளியிட்ட ஸ்லாட்டர் ஆஃப் தி சோல் ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஒரே நகரத்தில் ஒரு குழு எல்லாவற்றையும் செதுக்கிக் குறைத்துக்கொண்டிருந்தபோது மற்றொன்று மேலும் மேலும் அடுக்கிக்கொண்டிருந்தது விளங்கும்.

அதன்பின் 1993இன் ஸ்கைடான்சர். இதில் பாடுபவர் ஸ்டானே அல்லர், ஆண்டர்ஸ் ஃப்ரிடேன். ஸ்டானே அப்போது கிட்டார் வாசித்தார். ஃப்ரிடேன் விலகியதும் ஸ்டானே பாடகரானார். 1994இல் இன் ஃப்ளேம்ஸின் முதல் ஆல்பமான லூனார் ஸ்ட்ரெயினிலும் விருந்தினராக அவரே பாடினார். பின்னர் ஃப்ரிடேன் அங்கே நிரந்தரப் பாடகராகச் சேர்ந்தார். இன் ஃப்ளேம்ஸுக்காக ஃப்ரிடேன் சுவீடிஷ் மொழியில் எழுதிய பாடல் வரிகளை டார்க் ட்ராங்குவிலிட்டியின் கிட்டார் கலைஞர் நிக்லாஸ் சுன்டின் ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தார் என்பதிலிருந்து, போட்டிக் குழுக்கள் என்று நாம் நினைப்பவை எவ்வளவு நெருங்கிப் புழங்கின என்பது தெரியும். 1997இன் தி மைண்ட்ஸ் ஐ ஆல்பத்தை ஒருமுறை கேட்டுவிட்டு நகரலாம்.

நிதானிக்க வேண்டிய இடம் 1999இன் ப்ரொஜெக்டர். ஸ்டானே இதில் உறுமலை விட்டுவிட்டுத் தாழ்ந்த கனத்த குரலில் பல இடங்களில் பாடுகிறார், பியானோ வருகிறது, வேகம் தணிகிறது. பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தனர். இதைத் தொடர்ந்து பேஸ் கிட்டார் வாசித்த மார்ட்டின் ஹென்ரிக்சன் கிட்டாருக்கு மாறினார். கீபோர்டுக்கு மார்ட்டின் ப்ரான்ஸ்ட்ரோம் வந்தார். இரவில் தொடர்ச்சியாக இரண்டு முறை கேட்டு, உடனே 2000இன் ஹேவனைப் போடுங்கள். எதை வைத்துக்கொண்டார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பது அப்போது புலப்படும். ஹேவன் சற்று மெலிந்த ஆல்பம்தான். ஆனால் தொடக்கத்தில் கேட்ட டேமேஜ் டன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில்தான் விடை இருக்கிறது.

2005இன் கேரக்டர் மூர்க்கமானது. 2007இன் ஃபிக்‌ஷனில் தெளிந்த பாட்டுக்குரல் மீண்டும் வருகிறது. கடைசிப் பாடலில் நெல் சிக்லாண்டின் பெண்குரலும் சேர்கிறது. 2010, 2013 ஆல்பங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 2016இல் ஹென்ரிக்சன் விலகிய ஆண்டிலேயே வந்த ஆட்டோமாவை மட்டும் தவறவிடாதீர்கள். 2020இல் மொமென்ட் வெளிவருவதற்குள், பல ஆல்பங்களுக்கு அட்டைப்படமும் வரைந்த சுன்டினும் விலகிவிட்டார். 2024இன் என்ட்டைம் சிக்னல்ஸ் வந்தபோது தொடக்க கால உறுப்பினர்களில் ஸ்டானே ஒருவரே எஞ்சியிருந்தார். 2022இல் மறைந்த முன்னாள் கிட்டார் கலைஞர் ஃப்ரெட்ரிக் யோஹான்சனை நினைத்து எழுதிய பாடலும் அதில் உண்டு. தி கேலரியில் அவர் கிட்டாரைக் கேட்டபின் அதைக் கேட்பதே முறை.

நாள் மிஞ்சினால், இன் ஃப்ளேம்ஸின் முன்னாள் உறுப்பினர்கள் ஸ்டானேயோடு சேர்ந்து அமைத்த தி ஹேலோ எஃபெக்ட் குழுவின் 2022 ஆல்பத்தை எடுத்து, லூனார் ஸ்ட்ரெயினுக்கு அடுத்ததாக ஓடவிடுங்கள். இரண்டிலும் கிட்டார் வாசிப்பவர் யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்லாட், பாடுபவர் ஸ்டானே. இடையே கழிந்தவை 28 ஆண்டுகள்.