கூட்டிவந்தவருக்குச் சிகிச்சை செய்யாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பயிற்சிக்கு வருகிற இளம் மனநலக் கவுன்சலர்கள் நாங்கள் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ரகசியம் காப்பது, போனை அணைத்து வைப்பது எல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விடுங்கள்.

கூட்டிவந்தவரின் குறிக்கோளை எழுதிக்கொள்வது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தானாக வருவதில்லை. மகளோ மனைவியோ கூட்டிவந்து, "அப்பா குடிக்காமல் இருக்கணும் சார்" என்பார்கள். பயிற்சிக்கு வந்த கவுன்சலரும் உடனே தாளில் அதையே குறிக்கோள் என்று எழுதிவிடுவார். அப்படி வந்த ஒரு பெரியவர், தோட்டம் விற்கப்பட்டு லயத்து வரிசை வீட்டை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர், சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அப்புறம் வரவே இல்லை. கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். பிறகு மகள் மட்டும் வந்தபோதுதான் தெரிந்தது, மனுஷனுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லையாம். உங்களுக்கு என்ன வேண்டும் ஐயா என்று யாருமே கேட்கவில்லை!

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: குறிக்கோளில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. புதியவர்கள் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 2018-இல் ஏறத்தாழ 300 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், எந்தச் சிகிச்சை முறையானாலும் இந்த உறவு நன்றாக இருந்த இடத்தில் பலனும் கூடியிருந்தது. பலனில் ஆளுக்கு ஆள் தெரிகிற வேறுபாட்டில் சுமார் 8 விழுக்காடுதான் இதோடு சேர்ந்து வருகிறது, மாயமில்லை, ஆனால் தூக்கிப்போடவும் முடியாது.

தூக்கத்தில் தொடங்கியிருந்தால் குடி தானாகவே பேச்சில் வந்திருக்கும், போட்டதும் உறங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடுவது அதுதானே. இன்னொன்று, தினமும் நிறையக் குடிப்பவரைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள்.

அறிவுரை

கோயில் தலைவர் ஏற்கெனவே கொடுத்திருப்பார்.

அன்பு மட்டும் போதும் என்பது

நாய்க்குப் பயப்படுகிறவரிடம் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் பயம் அப்படியே இருக்கும். அவர் சம்மதத்தோடு, படிப்படியாக, நாயை நெருங்க வைக்க வேண்டும்.

முன்னேற்றத்தை நாமே ஊகிப்பது

மோசமாகிக்கொண்டு போகிறவர்களைச் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் மைக்கேல் லாம்பர்ட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நம்மவர்கள் மரியாதைக்கு "நல்லா இருக்கு சார்" என்பார்கள், அதனால் இன்று எது உதவவில்லை என்று கேளுங்கள்.